கை நனைக்கப் போன கார்

இந்தக் காலத்தில் கார் நடுவழியில் நின்றால் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு போனைத் தடவுகிறார்கள். நம் காலத்தில் எல்லாரும் இறங்கினோம். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். அவர் வெளியே வருவதற்குள் நாலு ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுகிற நாமெல்லாம் ஒரு காலத்தில் அம்பாசடரைத் தள்ளியவர்கள்தானே.

போன மாதம் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்கு அத்தையைப் பார்க்கப் போனேன். என் மருமகன்தான் காரை ஓட்டினார். எட்டயபுரம் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் வண்டிக்கு இழுவை குறைந்தது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. மருமகன் ஓரங்கட்டி, கம்பெனிக்குப் போன் போட்டு, ஆள் வரும்வரை ஏசியைப் போட்டுக்கொண்டு உட்காரலாம் என்றார். நான் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். இதே சாலையில், இதே மாதிரி, இழுவை குறைந்து நின்ற இன்னொரு காரிலிருந்து இறங்கியபோது எனக்கு இரட்டைச் சடை வயது.

அந்தக் கார் என் பெரியப்பாவுடையது. கோவில்பட்டியில் அவர் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். மேசை நாற்காலி இருக்காது. ஓட்டுக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சட்டங்களில் குச்சி அடுக்குவார்கள். பக்கத்து அறையில் மெழுகு உருகும். அதற்கும் அடுத்த அறையில் வச்சிரப் பசையைக் காய்ச்சி மருந்து கலக்குவார்கள். அந்தப் பசையின் நாற்றம் இருக்கிறதே, மாட்டுத்தோலை வெந்நீரில் ஊறப்போட்ட வாடை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன வாடை.

பெரியப்பாவுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது தீதான். ஆயுதபூஜைக்குக்கூட சூடத்தை ஆபீஸ் வாசலுக்கு வெளியேதான் காட்டச் சொல்லுவார். பீடிக்காரர்கள் எதிர்த்த திசையில் நடக்க வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் அவருடைய கொட்டகை ஒன்று பற்றியெரிந்ததாம். ஈரச்சாக்கை வைத்து அடித்தே அணைத்திருக்கிறார். அதன் மிச்சம் அவருடைய வலது கையில் இருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பொரித்த அப்பளம் மாதிரி சுருங்கியிருக்கும். அரைக்கைச் சட்டை அவர் போட்டு நான் பார்த்ததே இல்லை.

பெரியம்மா சீக்கிரமே தவறிப்போனார். தாத்தாவும் ஆச்சியும் அதற்கு முன்பே. பெரியப்பாவுக்கு எஞ்சியது எங்கள் வீடும், அவருடைய கடைசித் தங்கையான என் அத்தையும்தான். அத்தையைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அவர் செய்த முதல் காரியம், தூத்துக்குடியில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கியதுதான். "எந்தங்கச்சிக்கிப் பேசி முடிக்கப் போறதுக்கு பஸ்ஸுல தொங்கிக்கிட்டாப் போவேன்?" என்றார்.

வெள்ளையாக இருந்து வெயிலில் பழுத்துப்போன கார். பின்சீட்டு ரெக்சின் மத்தியானத்தில் தொடையைப் பொசுக்கும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள் வாங்கிய நாளிலிருந்தே படுத்துக் கிடந்தது. ஆபீஸ் கொட்டகையின் ஓரத்திலேயே அதற்கும் இடம் ஒதுக்கினார் பெரியப்பா. வந்த அன்று சாயங்காலம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். "பெட்ரோல் வாட வருதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் வாடை இல்லை. என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. நமக்கென்ன, கார் வந்த சந்தோஷம்.

எப்போதும்வென்றானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, ஊரில் பருத்தியும் உளுந்தும் விளைகிற கரிசல். அவர் காப்பித் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தையின் முகத்தைப் பார்க்காமல் தம்ளரைப் பார்த்து, "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தை அன்றிரவு அந்தத் தம்ளரை விளக்குவதற்கு என்னை விடவில்லை. அவளுக்கு மனசு விழுந்துவிட்டது என்பது எனக்கே புரிந்தது.

அடுத்தது கை நனைக்கப் போகவேண்டும். உங்களில் தெற்கத்திக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நல்லநேரத்தில் இலைபோட்டுச் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. அதுவரை அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. பெண் வரக்கூடாது, அவள் வீட்டில்தான் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மணியாச்சி ஸ்டேஷனில் வேலை, லீவு கிடைக்காது. எனவே பெரியப்பா காரை ஓட்ட, அம்மாவும் நானும் சொந்தத்தில் இரண்டு பெரியவர்களும் கிளம்பினோம். டேங்க் நிறைய பெட்ரோல், டிக்கியில் தாம்பூலத் தட்டு.

எட்டயபுரம்வரை வண்டி எண்ணெய் வழுக்கிய மாதிரி போனது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இழுவை குறைந்தது. பெரியப்பா மிதிக்கிறார், வண்டி ஏறமாட்டேன் என்கிறது. இரண்டு தடவை இருமியது. முன்னும் பின்னும் குலுக்கியது. ஆட்டுக்கிடை பத்திக்கொண்டு போனவர் எங்களை முந்திக்கொண்டு போனார். கடைசியில் ரோட்டோரத்து ஒற்றை வேப்பமரத்தடியில், சுடலைமாடன் பீடத்துக்கு நேர் எதிரே, வண்டி அடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். பருத்தி எடுத்து முடிந்து மார், அதாவது காய்ந்த செடிக்குச்சி, மட்டும் நின்றது. காற்றில் அனல்.

அப்போது நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கினார்கள். பாரம் குறையட்டும் என்று பெரியவர்கள் இறங்கினார்கள். ஒருவர் பானெட்டைத் தூக்கினார். அம்மா ரோட்டு மண்ணை ஒரு பிடி அள்ளி, கண்ணேறு கழிய வண்டியைச் சுற்றி வந்து வீசினாள். துண்டைக் கூஜாத் தண்ணீரில் நனைத்து எஞ்சின்மேல் போட்டார் இன்னொருவர். பெரியப்பா வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே விட்டு அளந்து பார்த்தார். திறக்கும்போதே கத்த ஆரம்பித்தார், அவருக்கு எதையும் கத்திச் செய்துதான் பழக்கம்.

"பெட்ரோல் இருக்கு! பெட்ரோல் இருக்கு! வேற என்னமோ கோளாறு!"

மூடியை மாட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். வண்டி சிணுங்காமல் எடுத்தது. அம்மா தன் மண்ணால்தான் என்றாள். பெரியவர் ஈரத்துண்டால்தான் என்றார். அந்தச் சண்டையே எப்போதும்வென்றான் வரைக்கும் போதுமானதாக இருந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்று, "அதுக்கென்ன, இன்னொரு நாளு வாங்க" என்றார். உள்ளேயிருந்து பருப்புப் பாயச வாசனை வந்தது. ஒரு குழந்தைக்கு அதைவிடப் பெரிய துன்பம் அந்த வயதில் வேறெதுவும் கிடையாது.

எங்கள் ஊர் ரயில்வே கேட் பக்கத்தில் மெக்கானிக் பாயின் பட்டறை இருந்தது. பாய் முட்டாளில்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டையெல்லாம் வாயால் ஊதிச் சுத்தம் செய்தார். பம்பைக் கழற்றினார். வண்டியை வெயிலில் நிறுத்தி, டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அதிலிருந்து குழாய் கொடுத்து ஊருக்குள் சுற்றிவந்தார். நிற்கவே இல்லை. அவரிடம் ஒருநாளும் நிற்காத வண்டிக்கு அவர் என்ன வைத்தியம் பார்ப்பார்?

"வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வெயிலுக்குப் பம்பு சூடாயிருது. மறுபடி நின்னா ஈரத்துணி போடுங்க, எடுத்துரும்."

இரண்டாவது தடவை போகும்போது பெரியப்பா பலத்த ஏற்பாட்டோடு கிளம்பினார். டேங்க் கழுத்துவரை பெட்ரோல், ஒரு வாளியில் ஈரத்துணி, சுடலைக்கு உடைக்கத் தேங்காய். அம்மா பஸ்ஸில் போவோம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார், அவ்வளவு கோபம். வண்டி, சொல்லிவைத்த மாதிரி, அதே வேப்பமரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே படுத்தது. மண் சுற்றப்பட்டது, துணி போடப்பட்டது, குச்சி விட்டு அளக்கப்பட்டது, தேங்காய் உடைக்கப்பட்டது. வண்டி எடுத்தது. இந்தத் தடவை கட்சி சுடலைப் பக்கம் சாய்ந்துவிட்டது. நல்லநேரம் மட்டும் மறுபடி கைவிட்டுப் போயிருந்தது.

அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை.

"ரெண்டு தடவ சோறு வடிச்சு ரெண்டு தடவயும் மாட்டுத் தொட்டியில கொட்டியாச்சு. நாங்க உங்கள ஒண்ணுஞ் சொல்லல. மூணாந் தடவயும் வழி மறிச்சா, மேல உள்ளவனுக்கே இஷ்டமில்லன்னு விட்டுருவோம். பொண்ணப் பெத்தவிய வருத்தப்படக் கூடாது பாருங்க."

பெண்ணைப் பெற்றவர்கள் இருவருமே இல்லை. வளர்த்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தூண் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வெளியே வந்து என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தார். "இங்கன சாப்பிடத்தான கூடாது. கொண்டு போகலாம்லா" என்றார். பிரித்துப் பார்த்தால் கடலைமிட்டாய். கோவில்பட்டிப் பிள்ளைக்குக் கடலைமிட்டாய் கொடுத்து அனுப்பிய ஒரே ஆள் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். அது எனக்கில்லை என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் தின்று தீர்த்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் கை நனைத்தது அவள்தான்.

தின்று முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னை இழுத்து உட்காரவைத்தாள்.

"ஏட்டி, வண்டி நின்னதும் மொதல்ல யாரு என்ன செஞ்சா? வரிசையாச் சொல்லு."

"எல்லாரும் எல்லாத்தையும் செஞ்சாவ அத்தே."

"ஒரே நேரத்துலயா?"

"ஆமா."

"அதாம்ட்டி கோளாறு. நாலு பேரு சேந்து கொழம்பு வச்சா அது யாரு கைமணம்னு எப்பிடித் தெரியும்?"

அத்தை பதினொன்றாவது வகுப்புவரை படித்தவள். கணக்கில் கெட்டி என்பார்கள். ஆனால் அன்று அவளுக்கு இருந்தது கணக்கு அறிவு அல்ல, ஆத்திரம். தன் கல்யாணம் ஒரு வேப்பமரத்தடியில் இரண்டு முறை நின்றுபோயிருக்கிறது, தான் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்ற ஆத்திரம். மூன்றாவது பயணத்துக்கு முன்னால் அந்த வண்டி நிற்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

அதற்கு ஒரு சாக்கும் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் கடம்பூர்ப் போளி வாங்கிக்கொண்டு போவதென்று அம்மா சொல்லியிருந்தாள். "நானே பாத்து வாங்குவேன்" என்று பிடிவாதம் பிடித்தாள் அத்தை. கல்யாணப் பெண் வெயிலில் அலையக்கூடாது என்று பெரியப்பா சொல்லிப் பார்த்தார். அவள் பட்டினி கிடக்க ஆரம்பித்ததும் சாவியை எடுத்துக்கொண்டார். அவளைப் பட்டினி போட்டுப் பார்க்கிற தைரியம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

பங்கில் டேங்கை நிறைத்துக்கொண்டு, பெரியப்பா, அம்மா, அத்தை, நான் என்று நாலு பேர் கிளம்பினோம். கடம்பூருக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கம்பு அறுத்த காடுகளுக்கு நடுவே, வண்டிக்கு அந்த இருமல் வந்தது. எனக்குத் திக்கென்றது. அத்தை முகத்திலோ தீபாவளி வெடி வெடிக்கப்போகிற பிள்ளையின் சந்தோஷம். வண்டி குலுங்கி நின்றதும் அவள் முதல் ஆளாக இறங்கி, பெரியப்பா பக்கத்துக் கதவைத் திறக்கவிடாமல் நின்றுகொண்டாள்.

"அண்ணே, யாரும் ஒண்ணும் செய்யக் கூடாது. நான் ஒண்ணு ஒண்ணாச் சொல்லுவேன். சொல்லச் சொல்லச் செய்ங்க."

"ஏட்டி, இதென்ன பள்ளிக்கூடமா?"

"பின்ன? பரிச்சை எனக்குல்லா?"

முதலில் எல்லாரும் இறங்கினோம். சாவியைத் திருப்பினார், எடுக்கவில்லை. அடுத்து அம்மாவின் முறை. மண்ணை அள்ளி மூன்று சுற்றுச் சுற்றி வீசினாள். எடுக்கவில்லை. "மனசு வச்சுச் சுத்தல நானு, நீ அவசரப்படுத்துதே" என்று அம்மா முறுக்கிக்கொண்டாள். பிறகு பானெட்டைத் தூக்கி ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டோம். சுர்ரென்று ஆவி கிளம்பியது. துணி காயும்வரை காத்திருந்தோம். அந்த வழியாக சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு போனவர் நிறுத்தாமலே கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி நடக்க மாட்டங்கா? ரெண்டு பிடி புல்லு போடட்டா?"

பெரியப்பா அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. சாவியைத் திருப்பினார். எடுக்கவில்லை. அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது.

"எல்லாந்தான் செஞ்சாச்சே! இன்னும் என்ன?"

"நீங்க பெட்ரோல் அளப்பியல்லா, அது பாக்கி" என்றாள் அத்தை.

"அது வைத்தியமா? அளந்து பாக்கதுதான? டேங்க் ரொப்பித்தான வந்தோம்?"

"நீங்க உள்ள இருங்க. நான் பாக்கேன்."

அவள் பின்பக்கம் போனாள். நானும் கூடவே போனேன். புடவைத் தலைப்பால் மூடியைப் பிடித்துத் திருகினாள். அப்போதுதான் அது கேட்டது. உஸ்ஸ்ஸ் என்று நீளமாக, யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு முன்னால் இரண்டு தடவையும் அந்தச் சத்தம் வந்துதான் இருக்க வேண்டும். பெரியப்பா கத்திக்கொண்டே திறந்ததில் யார் காதிலும் விழவில்லை.

"இப்பத் திருப்புங்க!"

வண்டி எடுத்தது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. பெரியப்பா ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டு, "பாத்தியளா! ஈரத்துணி நின்னு வேல செய்யுது! பாய் பாய்தான்!" என்று முன்னாலிருந்து கூவினார்.

அத்தை மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் சின்னதாக ஒரு துவாரம் இருந்திருக்கிறது. அதில் மருந்து முக்காத வெள்ளைத் தீக்குச்சி ஒன்றைச் செருகி, நுனியை ஒடித்து, மேலே பசை பூசி அடைத்திருந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். என்னிடமும் நீட்டினாள். பெட்ரோலையும் மீறி அந்த மாட்டுத்தோல் வாடை. வச்சிரம்.

அம்மா பக்கத்தில் வந்திருந்தாள்.

"மதினி, எண்ண டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டுக் கவுத்துனா என்ன ஆவும்?" என்று அவளிடம் கேட்டாள் அத்தை.

"கொடக் கொடக்குனு நின்னுரும். எதுத்தாப்ல இன்னொரு ஓட்ட போட்டாத்தான காத்து உள்ள போவும்."

"இந்தா, எதுத்தாப்ல உள்ள ஓட்ட. அடச்சு வச்சிருக்கு."

காற்று உள்ளே போக வழியில்லாமல் எப்படி பெட்ரோல் வெளியே வரும்? டேங்க் எவ்வளவு நிறைந்திருக்கிறதோ, உள்ளே காற்று அவ்வளவு குறைவு, அவ்வளவு சீக்கிரம் அது மூச்சு முட்டியிருக்கிறது. நிற்கக்கூடாதே என்று பெரியப்பா நிறைக்க நிறைக்க, இன்னும் முன்னாலேயே நின்றிருக்கிறது. பாய் பாட்டிலில் ஊற்றி ஓட்டியதால் அவரிடம் நிற்கவில்லை. இதெல்லாம் நான் பின்னால் யோசித்து யோசித்துப் புரிந்துகொண்டது. அம்மாவுக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. யார் செய்த வேலை என்பதும்தான்.

"அட அத்தானா இதச் செஞ்சாவ!" என்று பெரியப்பாவைக் கூப்பிட வாயெடுத்தாள். அத்தை அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லாதிய மதினி. தீக்குப் பயந்து அடச்சிருக்காவ. அவியளாலதான் ரெண்டு தடவ நின்னுச்சுன்னு தெரிஞ்சா, தங்கச்சி கல்யாணத்தத் தானே மறிச்சுட்டோம்னு ஒடஞ்சு போயிருவாவ. சொடலையே எடுத்துக் குடுத்ததா இருக்கட்டும்."

தலையிலிருந்து ஊசியை உருவி, பசையைப் பெயர்த்து, குச்சியைத் துவாரத்திலிருந்து தள்ளினாள். அது கரிசல் வெடிப்புக்குள் விழுந்து போனது. மூடியைத் துடைத்து மாட்டினாள். கடம்பூரில் எனக்கு மட்டும் தனியாக ஒரு போளி வாங்கித் தந்தாள், நெய் சொட்டச் சொட்ட, பூவரச இலையில் வைத்து. எதற்கு என்று எனக்குத் தெரியும். அத்தனை வருஷமும் நான் வாயைத் திறக்கவில்லை, அப்படிப்பட்ட போளி அது.

மூன்றாவது பயணத்தன்று அத்தை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கார் எட்டயபுரத்தைத் தாண்டியது. வேப்பமரம் வந்தது. வண்டி குதிரை மாதிரி போய்க்கொண்டிருந்தது. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது பெரியப்பா பிரேக்கை மிதித்தார்.

"என்ன அத்தான், ஏன் நிப்பாட்டுதிய?" அம்மா அலறியேவிட்டாள்.

"சொடலைக்குத் தேங்கா ஒடைக்காண்டாமா?"

ஓடுகிற வண்டியைத் தானே நிறுத்தி, இறங்கி, தேங்காய் உடைத்து, விபூதி பூசிக்கொண்டு வந்தார். அம்மா அதுவரை மூச்சு விட்டாளா என்று தெரியாது. வண்டி எடுத்தது.

எடுத்துவிட்டது என்றால் கதை அதோடு முடிந்ததா? நாங்கள் நிற்கப்போகிறோம் என்றே கணக்குப் போட்டு வெகு சீக்கிரம் கிளம்பியிருந்தோம். ஊர் எல்லைக்கு வந்தபோது நல்லநேரம் பிறக்கவே இல்லை. எனவே எல்லையிலேயே ஓரங்கட்டிக் காத்திருந்தோம். அணைத்தால் எடுக்காதோ என்று எஞ்சினை ஓடவிட்டபடியே வைத்திருந்தார் பெரியப்பா. அப்படி ஓடினால் பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்ற பயமும் வந்துவிட்டது. குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். அன்று அவர் கத்தவில்லை. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாக மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

அந்தச் சமயம் மாப்பிள்ளை சைக்கிளில் வாழையிலைக் கட்டோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி இறங்கினார்.

"மறுபடியும் நின்னுட்டா?"

"நிக்கல மாப்ள" என்றார் பெரியப்பா, மெதுவான குரலில். "இனும நிக்காது."

அன்றைக்கு நான் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பும்போது தெருமுனையிலிருந்தே பெரியப்பா ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தார். அத்தை வாசலுக்கு ஓடிவந்தவள், எல்லாரும் பார்க்கிறார்களே என்று உடனே உள்ளே ஓடிப்போனாள். வைகாசியில் கல்யாணம். அதே காரில்தான் மறுவீடு போனாள். வேப்பமரத்தடியில் தேங்காய்க்காக ஒருமுறை நின்றதைத் தவிர வண்டி வேறெங்கும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியப்பாவுக்கு ஒரு புதுப்பழக்கம் வந்தது. காரை ஆபீஸ் கொட்டகைக்குள் விடுவதில்லை. ரோட்டுக்கு எதிர்ப்புறம், காலிமனையில் நின்ற வாகை மரத்தடியில்தான் நிறுத்துவார். வெயில், மழை, காக்கை எச்சம் எல்லாம் அதன் தலையில். கார் வைத்திருப்பது ஊருக்குத் தெரிய வேண்டுமாம், அதற்காக நடுத்தெருவில் காட்சிக்கு வைத்திருக்கிறாராம் என்று ஊரே பேசியது. நாங்களும் சேர்ந்து சிரித்தோம். மழைநாட்களில் குடை பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். திரும்பி வந்து, ஆபீஸ் வாசலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். வயசானால் சிலருக்குச் சுத்தப் பைத்தியம் பிடிக்கும் என்றாள் அம்மா. காரை விற்கும்வரை அந்தப் பழக்கம் மாறவில்லை. காருக்குப் பிறகு அவரும் ரொம்பநாள் இருக்கவில்லை.

போன மாதம் நாலுவழிச் சாலையில் நின்றுகொண்டு அந்த வேப்பமரத்தைத் தேடினேன். சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டது போல. கம்பெனி ஆள் வந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஏதோ சென்சார் என்று சொன்னான். தாமதமாகும் என்று சொல்ல அத்தைக்குப் போன் போட்டேன்.

"மூடியத் தொறந்து பாத்தியா?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. இரண்டு பேரும் அடக்கமாட்டாமல் சிரித்தோம். மருமகன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பாவம் அத்தே, பெரியப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிட்டே" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"ஏட்டி, வண்டிய அவிய எதுக்கு ரோட்டுல நிப்பாட்டுனாவன்னு நெனச்ச?"

போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"கை நனச்சுட்டு வந்த அன்னைக்கே வண்டி உள்ள வரல. தொறந்த ஓட்டைய மறுபடி அடைக்கவும் மனசில்ல, மருந்து பக்கத்துல வைக்கவும் மனசில்ல. நானும் மதினியும் ஓட்டையத் தொறந்தமே தவிர, தீயப் பத்தி ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தமா?"

"நீங்க கேக்கலியா அவியள்ட்ட?"

"எதுக்குக் கேக்கணும்? நானும் சொல்லல, அவியளும் சொல்லல. சரியாப் போச்சு."

அந்த எப்போதும்வென்றான் எல்லையில் மூடியைக் கையில் பிடித்தபடி நின்ற மனுஷன் சாமி கும்பிடவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டைக் கையால் துடைத்தது வியர்வையும் இல்லை. நாங்கள் சிரித்த அத்தனை மழைநாட்களும், அந்தக் குடையும், மோந்து பார்த்த கையும் நினைவுக்கு வந்து, வெயிலில் நின்றபடியே விசும்பிவிட்டேன். அத்தைக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"சரி, சரி. வண்டி எப்ப எடுக்குதோ அப்ப வா. சோறு வடிச்சாச்சு. ராகுகாலம்லாம் பாக்கல, எப்ப வந்தாலும் கை நனைக்கலாம்" என்றாள்.